ரயிலில் மெயில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். என் அலுவலகத்தை ஊர்க்கோடிக்கு மாற்றிவிட்டார்கள். இனி நானும் உன்னைப் போல தினமும் ரயிலில்தான்.

ரயிலிலேயே மெயில் எல்லாம் முடித்துவிடுகிறேன், ஆனாலும் வீட்டுக்குள் நுழையும்போது பேசக்கூடத் தெம்பில்லை என்று எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயண நேரம் வீணாகக் கூடாது என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான். மெயில், நிலைய அறிவிப்பு, வாட்ஸ்அப், மறுபடி மெயில். பாதியில் விட்ட வேலை அடுத்த வேலையிலும் மனதில் ஒட்டிக்கொண்டு வரும் என்று சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நீ வீட்டுக்குள் கொண்டுபோவது அந்த மிச்சத்தைத்தான் என்று தோன்றுகிறது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த ஒரே இடைவெளியையும் அலுவலகத்துக்கே கொடுத்துவிட்டாய்.

சும்மா உட்கார்ந்திரு என்று சொல்லவில்லை. பாட்டுக் கேள், கதை படி. அவை நீயாக விரும்பிச் செய்பவை; பாதியில் மூடி வைத்தாலும் யாரும் பதில் கேட்கப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம். சிகாகோ ரயில் பயணிகளை வைத்து எப்ளி, ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. தனியாக இருப்பதே சுகம் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் பேசிக்கொண்டு போனவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. எனக்கு இதில் வியப்பே இல்லை, நம் சிநேகமே அப்படி வந்ததுதானே!

அப்புறம், உன் தம்பி கார் ஓட்டிக்கொண்டே மீட்டிங் பேசுகிறான் என்றாய். எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது. வண்டி ஓட்டும்போது போன் பேசினால் மோதும் அபாயம் ஏறக்குறைய 4 மடங்கு என்று 1997-இலேயே கனடாவில் நடந்த ஆய்வு சொன்னது. போனைக் கையில் பிடிக்காமல் பேசினாலும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கை ஓய்வாக இருந்து என்ன பயன், கவனம் அங்கே இல்லையே. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சாலை தெரியும், நெருக்கடி வந்தால் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசச் சொல். நீ சொன்னால் கேட்பான்.

அவன் என்ன சொன்னான் என்று உடனே எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்