முதலில் அடைக்க வேண்டியது எந்தக் கடன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி போனஸோ சம்பள நிலுவையோ மொத்தமாகக் கைக்கு வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு அடகில் இருக்கும் நகையை மீட்பது பற்றியதாகவே இருக்கிறது. வங்கியின் நகைக்கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த விருப்பத்தின் பின்னால் இருக்கும் மானமும் கவலையும் எனக்கு நன்கு தெரியும். கல்யாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோடு எப்படிப் போவது என்று ஒரு பெண் கலங்குவதை அற்பம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆயினும், கிரெடிட் கார்டு பாக்கி ஒருபுறம் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்த பணத்தையெல்லாம் நகையை மீட்பதில் போட்டுவிடுவது குடும்பத்தைக் கடனில் நிரந்தரமாக இருத்திவிடுகிறது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வங்கியில் 1 லட்சம் ரூபாய் நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது. அதே 1 லட்சம் ரூபாய் கார்டில் பாக்கியாக நின்று, மாதத்துக்கு 3.5 சதவீதம் வட்டி என்றால், ஒரே மாதத்தில் 3,500 ரூபாயும் அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 630 ரூபாயும் சேர்கின்றன. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 5,000 ரூபாயைக் கட்டிவிட்டு இந்த மாதம் தப்பித்தோம் என்று நிம்மதி அடைபவருக்கு, அசலில் குறைந்திருப்பது வெறும் 870 ரூபாய்தான். பாக்கி முழுவதையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்தும், அந்தப் பொடி எழுத்துகளைப் படிப்பவர்கள் குறைவு. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், இனி நம்மை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே, நகை வங்கியிலேயே பத்திரமாக இருக்கட்டும். தவணைக்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பித்து, ஏலத்துக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, மீதிப் பணம் முழுவதையும் கார்டு பாக்கிக்குச் செலுத்த வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், பீரோவில் இருக்கும் நகையை வங்கியில் வைத்தாவது அந்தப் பாக்கியை அடைக்கலாம் என்பேன்; ஆனால் அடைத்த கார்டை மறுபடியும் தேய்ப்பதில்லை என்ற உறுதி இருந்தால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். மீட்டர் வட்டிக்கும் தண்டலுக்கும் வாங்கியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் அடைக்க வேண்டியதில் அதுவே முதல்.

உறுதி என்று சொன்னேன். அது மனத்தைப் பொறுத்தது மட்டுமன்று, வீட்டு ஏற்பாட்டையும் பொறுத்தது. எங்கள் தெருவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு குடும்பம், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து ஒரு நோட்டில் வகை பிரித்து எழுதிப் பார்த்தது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் எதிர்பார்த்தபடியே இருந்தன. மலைக்க வைத்தவை 40, 60, 120 ரூபாய் என்று யுபிஐயில் போன சில்லறைகள்தாம்: அலுவலக வாசலில் டீயும் பஜ்ஜியும், மழை இல்லாத நாளிலும் பிடித்த ஆட்டோ, இரவு ஒன்பது மணிக்குச் செயலி வழியே வரவழைத்த பரோட்டா, யாருமே பார்க்காத ஓடிடி சந்தாக்கள். அவர்கள் சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுக்கான தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றி, யுபிஐ செயலியை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்தார்கள். ஷாப்பிங் செயலிகளில் பதிந்து வைத்திருந்த கார்டு எண்களை நீக்கினார்கள். ஆட்டோவை விட்டுவிட்டு 1,000 ரூபாய் மாநகரப் பேருந்து பாஸுக்கு மாறினார்கள். மாதக் கடைசியில் கணக்கில் பணம் தீர்ந்தால் செலவும் நின்றது. ரூபே கிரெடிட் கார்டையே யுபிஐயோடு இணைத்துப் பெட்டிக்கடையில்கூடக் கடனுக்கு வாங்க 2022 முதல் வழி வந்துவிட்ட நிலையில், இப்படிப் பிரித்து வைப்பது முன்னைவிட அவசியமாகிறது.

இதில் மாமியார் முதல் கல்லூரி செல்லும் பிள்ளை வரை எல்லோருக்கும் கடன் தொகை தெரிந்திருக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் கடன் செயலிகளில் வாங்கிவிட்டு, வசூல் ஏஜெண்டுகளின் தொலைபேசிக்குப் பயந்து ஒரு செயலியில் வாங்கி இன்னொன்றில் கட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, தீர்வு கிடைக்காதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

தாங்கள் நாள்தோறும் ஒரு கிராமுக்கும் ஒரு சவரனுக்கும் தங்கம் விலை நிலவரத்தை அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே, வாரத்துக்கு ஒரு முறையேனும், வங்கி நகைக்கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றின் ஆண்டு வட்டியையும், 1 லட்சம் ரூபாய்க்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை.