‘கீழ்க்கோர்ட்டு’ என்று எழுதுவதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடலூர் – புதுச்சேரி பதிப்பை நெடுங்காலமாகப் படித்துவருகிறேன். கடலூர் மாவட்ட நீதிமன்றங்களில் நகல் பிரிவுத் தட்டச்சராகச் சேர்ந்து, 34 ஆண்டுகளுக்குப் பின் சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியராக, ஓய்வுபெற்றவன் நான். சில நாள்களுக்கு முன் தாங்கள் வெளியிட்ட ஒரு மேல்முறையீட்டுச் செய்தியில் ‘கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு உறுதி’ என்ற தலைப்பைக் கண்டேன். அந்த ஒரு சொல்லைப் பற்றியும், அதன் பின்னால் மறைந்துபோகும் மனிதர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வெகு நாள்களாக நினைத்திருந்தேன். அந்தத் தலைப்பு என்னை எழுத வைத்துவிட்டது.

விசாரணை நீதிமன்றங்களைக் ‘கீழ் நீதிமன்றம்’ என்று குறிப்பிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 பிப்ரவரியில் தன் பதிவாளர் அலுவலகத்துக்கு உத்தரவிட்டது. அங்கிருந்து வரவழைக்கப்படும் ஆவணங்களையும் ‘விசாரணை நீதிமன்ற ஆவணம்’ என்றே குறிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அதிகாரம் உண்டு என்பதனாலேயே, வழக்கை முதலில் விசாரித்த நீதிமன்றம் தாழ்ந்ததாகிவிடாது. உச்ச நீதிமன்றமே விட்டுவிட்ட ஒரு சொல்லை நம் நாளிதழ்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். சாட்சி கூண்டில் ஏறி நிற்பதும், குறுக்கு விசாரணையில் அவர் முகம் வெளுப்பதும், நீதிமன்றச் சேவகரான டவாலி மூன்று முறை பெயர் கூப்பிட்டும் ஆள் வராமல் வாய்தா போடப்படுவதும், வந்த சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாவதும் விசாரணை நீதிமன்றத்தில்தான். அதற்கு மேலே உள்ள மன்றங்கள் தாளைப் பார்க்கின்றன. ஆளைப் பார்ப்பவர் விசாரணை நீதிபதி ஒருவரே. சாட்சியின் நடத்தையைப் பற்றி அவர் தன் குறிப்பை எழுதி வைக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தந்திருப்பதும் அதனால்தான்.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் சாதி மாறி மணந்துகொண்ட ஓர் இளம் தம்பதியை நஞ்சூற்றிக் கொன்று எரித்த வழக்கில், கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல் துறையினரும் இருந்தனர். உயர் நீதிமன்றம் 2022இல் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தாலும் பெரும்பாலோரின் குற்றத்தை உறுதிசெய்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. டெல்லியில் தீர்ப்பு வந்தபோது நாளிதழ்கள் அதைப் பெரிதாகப் போட்டன, நியாயம்தான். ஆனால் சாட்சிகளில் பலர் பிறழ்ந்த ஒரு வழக்கில், எஞ்சிய சாட்சியங்களை வரிவரியாகப் பதிவு செய்து, எதை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று காரணம் எழுதி, மேலே போய் நிற்கும் அளவுக்கு அடித்தளம் போட்டது கடலூரில் இருந்த ஒரு நீதிமன்ற அறை என்பதை எத்தனை வாசகர்கள் அறிவார்கள்? அந்த வழக்கு பதினெட்டு ஆண்டுகள் இழுத்தது ஏன் என்பதையும் அதே அக்கறையோடு எழுதியிருக்க வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஒரு நீதிபதியின் பணிவாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதே நம் மக்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகச் சேர்பவர், நாம் பழக்கத்தில் முன்சீப் என்று சொல்கிற பதவியிலும் குற்றவியல் நடுவர் பதவியிலும் பல ஆண்டுகள் இருந்து, சார்பு நீதிபதியாகி, அதற்கும் பிறகு வாய்ப்பிருந்தால் மாவட்ட நீதிபதியாகிறார். ஏழாண்டு வழக்கறிஞர் தொழில் செய்தவர்கள் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வாவதும் உண்டு. உயர் நீதிமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்கு மாவட்ட நீதித்துறையிலிருந்து வருபவர்களுக்கு என்பது வழக்கமே ஆனாலும், அந்தப் படி வரை ஏறுபவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் அறுபது வயதில் மாவட்டத்திலேயே ஓய்வுபெற்றுப் போகிறார்கள். சொந்த மாவட்டத்தில் பணி கிடையாது. ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை இடமாறுதல். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பள்ளிக்கூடம்.

இதனுடன் சேர்ந்து வருவது தனிமை. எங்கள் நீதிபதி ஒருவருக்குக் கடற்காற்று என்றால் உயிர். ஆனால் சில்வர் பீச்சுக்கு ஒருமுறை போய்வந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் வழக்குக்கு வரவிருந்த ஒரு கட்சிக்காரர் அங்கே கும்பிட்டுவிட்டு இரண்டு வார்த்தை பேசினாராம். கும்பிட்டதில் தவறில்லை, பேசியதிலும் தவறில்லை, ஆனால் எதிர்த்தரப்பு அதைப் பார்த்திருந்தால் என்ன நினைக்கும் என்பதே அவருடைய கவலை. மூன்றாண்டுகளும் இந்த ஊரில் ஒரு கல்யாணச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் அவர் மாற்றலாகிப் போனார்.

நடுவர்களின் வேலையை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் ஊர் தூங்கும்போது நடக்கிறது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. அதற்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை உண்டு, நடுவர் மன்றத்துக்குக் கிடையாது. தீக்காயத்தோடு ஒரு பெண் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், நள்ளிரவானாலும் மரண வாக்குமூலம் பதிய நடுவருக்குத் தகவல் போகும். நான் நடுவர் மன்றத்தில் எழுத்தராக இருந்தபோது அப்படி இரண்டு முறை உடன் போயிருக்கிறேன். காவலரையும் உறவினரையும் வெளியே அனுப்பிவிட்டு, நினைவு தெளிவாக இருக்கிறது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தன் பெயரையும் தான் நடுவர் என்பதையும் சொல்லி, ‘பயப்படாதேம்மா, என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லு’ என்று அந்த நடுவர் குனிந்து கேட்ட குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண் சொன்ன சொற்களையே, அவள் பேச்சிலேயே, ஓர் எழுத்தும் மெருகேற்றாமல் அவர் எழுதினார். விடியற்காலை வீடு திரும்பி, பத்தரை மணிக்கு மீண்டும் இருக்கையில் அமர்ந்து, அன்றைய வழக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இரவில் மருத்துவமனைக்குப் போனது எந்தப் பதிவேட்டிலும் தனியாக ஏறவில்லை.

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தத்தால், மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் சாட்சியத்தைத் தமிழில் பதியவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் வழி ஏற்பட்டது. சட்டம் எளிதாக மாறிவிட்டது; எழுதுவது எளிதாக இருக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் முன்தீர்ப்புகளைப் பார்த்து, அதைத் தமிழில் பிசகில்லாமல் எழுத அந்த நீதிபதிகள் பட்ட பாட்டைத் தட்டச்சு மேசையிலிருந்து நான் பார்த்தவன். சிதம்பரத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பை முன்சீப் தமிழில் வாசித்து முடித்ததும், முன் வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, ‘அப்ப வூடு எனக்குத்தானே சாமி?’ என்று கேட்டார். வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. ‘உங்க பாகம் உங்களுக்குத்தாம்மா. ஆனா அவங்க அப்பீல் போகலாம், அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்கங்க’ என்றார். தனக்கு என்ன கிடைத்தது, இன்னும் என்ன நடக்கக்கூடும் என்பதை அந்த அம்மாள் வேறு எவர் வாயிலிருந்தும் அல்லாமல் நீதிபதியின் வாயிலிருந்தே, தன் மொழியில் கேட்டுக்கொண்டு போனார்.

இந்த மரபுக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை இன்று எல்லோரும் நாவலாசிரியராகவே அறிகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் கிடந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை, அதாவது உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த மேல்முறையீட்டு மன்றத்தின் தீர்ப்புகளை, பொதுமக்கள் படிக்கத் தமிழில் தந்தவர் அவர். 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் தன் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர் அவர். அவருடைய நீதிபதி வாழ்க்கையை ஊர் மறந்தது போலத்தான் இன்றைய நீதிபதிகளின் வாழ்க்கையையும் மறக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கடற்கரைக்கு ஆழிப்பேரலை வந்தது, 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் வந்தது, 2015இல் பெருவெள்ளம் வந்தது. பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மாவட்டத்தில் அதன் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதியே. தன் அன்றாட வழக்குகளுக்கு மேல் அவர் தாங்குகிற பொறுப்பு அது. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடியும் வழக்குக்கு மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதை இன்றும் பலர் அறியாமலே இருக்கிறார்கள். விபத்தில் தகப்பனை இழந்த குழந்தையின் இழப்பீட்டுப் பங்கை, அது மேஜராகும் வரை தேசிய வங்கியில் வைப்புத்தொகையாக வைத்து, வட்டியை மட்டும் தாய் எடுத்துக்கொள்ள உத்தரவிடுவதும் நீதிபதிதான். அந்தத் தொகையை முன்கூட்டியே எடுத்துத் தரும்படி உறவினர்கள் மனுப் போடும்போது, ‘குழந்தையின் படிப்புக்கா, உங்கள் கடனுக்கா?’ என்று கேட்டு, ரசீதைக் காட்டச் சொன்ன நீதிபதிகளை நான் அறிவேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கூண்டில் நிற்கும் ஏழையிடம் சுள்ளென்று விழுந்தவர்களையும், தீர்ப்புக்கு ஒத்திவைத்துவிட்டுத் தேதியைத் தள்ளிக்கொண்டே போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றை நாளிதழ் எழுத வேண்டும். ஆனால் தாமதத்தின் வேர் பெரும்பாலும் ஆளில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பத்து லட்சம் மக்களுக்குப் பத்தரை நீதிபதிகள்தான் இருக்கிறார்கள், ஐம்பது பேர் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது; 2002இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஐம்பதை ஐந்தாண்டுகளுக்குள் எட்டும்படி கூறியது. இன்றும் நாம் இருபத்தொன்று அளவில்தான் நிற்கிறோம். நாடு முழுவதும் மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. ஒரு நீதிமன்றத்தில் நீதிபதி இடம் காலியாக இருந்தால் பக்கத்து நீதிபதி கூடுதல் பொறுப்பில் இரண்டு நீதிமன்றக் கட்டுகளையும் சுமக்கிறார். சாட்சி சொல்ல விடுப்பெடுத்து வந்த ஆசிரியர் திரும்பிப் போகிறார்.

உரிமையியல் நீதிபதித் தேர்வெழுதும் முன் மூன்றாண்டு வழக்கறிஞர் பணி கட்டாயம் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நான் வரவேற்கிறேன். கட்சிக்காரர் வழக்கறிஞருக்கு எழுதித் தரும் வக்காலத்து எப்படித் தாக்கல் ஆகிறது என்று அறியாமல் வந்து முதல் ஆண்டில் திணறிய இளம் நீதிபதிகளை நாங்கள் ஊழியர்கள் தாங்கிப் பிடித்திருக்கிறோம். என்றாலும் ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஓர் இளம் பழங்குடிப் பெண், பிள்ளை பெற்ற கையோடு தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான செய்தியை 2024இல் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவரைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள், வருமானம் இல்லாத அந்த மூன்று ஆண்டுகளை எப்படிக் கடப்பார்கள் என்பதற்கு அரசும் மூத்த வழக்கறிஞர்களும் வழி காண வேண்டும்.

தன்னைப் பற்றிய செய்தி தவறாக வந்தாலும் நீதிபதி மறுப்பு எழுதுவதில்லை. தன் தீர்ப்பே தன் பேச்சு என்று இருந்துவிடுவது அந்தப் பதவியின் ஒழுங்கு. ஆகவே அவர்களுக்காக வெளியில் இருப்பவர்களே கேட்க வேண்டியிருக்கிறது. இனி ‘கீழ்க்கோர்ட்டு’ என்பதை விட்டு ‘விசாரணை நீதிமன்றம்’ என்று எழுதுங்கள். ‘கடலூர் கோர்ட்டு’ என்று பொதுவாகப் போடாமல் மகளிர் நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா, எந்த நடுவர் மன்றம் என்று சரியாகக் குறிப்பிடுங்கள். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி என்று மாவட்டத்தில் எங்கெல்லாம் நீதிபதி இடம் காலியாக இருக்கிறதோ, அதை மாதம் ஒருமுறை வெளியிடுங்கள்.

கோடையில் பொது இடமாறுதல் பட்டியல் வரும்போது பெயரையும் ஊரையும் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். நம் மாவட்டத்தை விட்டுப் போகும் ஒவ்வொரு நீதிபதியும், இங்கேயே ஓய்வுபெறும் ஒவ்வொருவரும், எந்தெந்த நீதிமன்றங்களில் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்று நான்கு வரி சேர்த்து வெளியிடுங்கள். நிருபரை மஞ்சக்குப்பத்துக்கு அனுப்பினால், தேதிகளைச் சரிபார்த்துத் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலர் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.