புதிய உதிரிபாகம் போட்ட பின்னும் முன்சக்கரத்தில் ‘டக் டக்’ ஓசையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரின் முன்பக்கச் சஸ்பென்ஷனில் (சக்கரங்களை உடற்கூட்டுடன் இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பில்) தேய்ந்துபோன பாகங்களைக் கழற்றிவிட்டு, வாகன நிறுவனத்தின் முத்திரை இல்லாத வெளித் தயாரிப்புகளைப் பொருத்திய சில நாட்களிலேயே ‘டக் டக்’ என்றோ ‘லொடலொட’ என்றோ ஓசை எழுவது உண்டு. அப்போது உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் பெரும்பாலும் “வெளிச் சாமான் மட்டம்” என்ற ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். ஆராயாமல் எடுக்கும் அந்த முடிவால் உரிமையாளருக்குப் பணம் வீணாகிறது, குறையற்ற பாகம் பழைய இரும்புக்குப் போகிறது, உண்மையான கோளாறோ வண்டியிலேயே தங்கிவிடுகிறது. பழுதுபார்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எந்தப் பாகத்தையும் மீண்டும் வாங்குவதற்கு முன் அந்த ஓசையை முறையாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கும் முன், அது எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேம் வழியாகவும் உடற்கூட்டின் தகடுகள் வழியாகவும் அதிர்வு எளிதில் பரவும் என்பதால், இடப்பக்கத்தில் எழும் ஓசை ஓட்டுநரின் காலடியில் எழுவதுபோலத் தோன்றலாம். காதை மட்டும் நம்பி வலப்பக்கத்தைப் பிரித்துப் போட்ட வண்டிகள் ஏராளம். குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகப் போகும்போதா, பிரேக் பிடிக்கும் நொடியிலா, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதா என்ற மூன்று கேள்விகளுக்கு உரிமையாளர் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால், தேட வேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிடும்.

மெதுவாகப் போகும்போது சிறு பள்ளங்களில் மட்டும் தொடர்ச்சியாகத் தட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கியும் சேர்ந்த தூண்) இணைக்கும் சிறு தண்டான லிங்க் ராடைத்தான். இதைச் சாலையிலேயே ஓரளவு உறுதிசெய்து கொள்ளலாம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் நேராக ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் அது முறுக்கப்பட்டு லிங்க் ராடை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. முதல் நிலையில் அடங்கியிருந்து இரண்டாவது நிலையில் ஓசை கேட்டால், லிங்க் ராடின் மூட்டுகளிலோ ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷிலோ ஆட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் உறுதி வேண்டுமானால், இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மிக மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். லிங்க் ராட் இல்லாத வண்டி வளைவில் வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால், இதைச் சோதனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு “ஆட்டம் இல்லை” என்கிறார்கள். அந்த நிலையில் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்பதால் லிங்க் ராட் விறைத்துவிடும். தேய்ந்த மூட்டுகூடப் புதியதுபோல் இறுக்கமாகத் தெரியும். வண்டியின் எடை நான்கு சக்கரங்களிலும் சமமாக இருக்கும்படி சாய்மேடையிலோ சோதனைக்குழியின் மேலோ நிறுத்தி, ஒருவர் வண்டியைக் குலுக்க, மற்றவர் மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தால், காதுக்கு எட்டாத சிறு தட்டல்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்டுக்கு (குண்டு மூட்டுக்கு) இந்த முறை பொருந்தாது. இன்று பெரும்பாலான சிறிய கார்களில் இருப்பது 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்பு. அதில் வண்டியின் எடையை ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் தாங்குகின்றன என்பதால், சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கம்பியால் நெம்பிப் பார்த்தால்தான் கீழ் பால் ஜாயின்டின் ஆட்டம் வெளிப்படும்.

பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டக்’, பின்னோக்கி எடுத்துப் பிரேக் பிடிக்கும்போது மீண்டும் ஒரு ‘டக்’ என்று கேட்டால், லோயர் ஆர்மின் பின் புஷ், சப்ஃப்ரேம் போல்ட், பிரேக் பேட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கரடுமுரடான சாலையில் தொடர்ந்து வரும் லொடலொடப்பு, பிரேக் பெடலை லேசாக மிதித்ததும் நின்றுவிட்டால், பெரும்பாலும் பேடோ அதை அழுத்தும் காலிப்பரோதான் ஆடுகிறது. அங்கே சஸ்பென்ஷன் பாகம் எதையும் மாற்றத் தேவையில்லை.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளும் ஓசை வந்தால், ஸ்ட்ரட்டை உடற்கூட்டுடன் இணைக்கும் மேல் மவுண்டில் உள்ள பேரிங் சுழலாமல் பிடிக்கிறது என்று கொள்ளலாம். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மற்றவர் ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்தால், அது சீராகத் திரும்பாமல் சிறிது நேரம் நின்று பின் சட்டென்று உதறிக்கொள்வதை உணரலாம். புதிய ஸ்ட்ரட் போட்ட வண்டியில் ஸ்பிரிங்கின் கீழ்நுனி தட்டிலுள்ள பள்ளத்தில் சரியாக உட்காராமல் விலகியிருந்தாலும் இதே ஓசை வரும். டார்ச் வெளிச்சத்தில் அந்த நுனியைப் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும். இது பொருத்தியவரின் பிழை. பாகம் எந்த நிறுவனத்துடையது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

என் அனுபவத்தில், புதுப் பாகம் போட்ட பின் வரும் ஓசைகளில் பெரும்பகுதி இப்படிப் பொருத்திய விதத்தால்தான் வருகிறது. இரண்டு லோயர் ஆர்ம்களும் புதிதாக மாற்றப்பட்ட ஒரு கார், ஓசை தீராமல் எங்களிடம் வந்தது. ஆர்ம் தரமற்றது என்று சொல்லி, வேறு நிறுவனத்தின் ஜோடியை வாங்கும்படி உரிமையாளருக்கு ஏற்கெனவே யோசனை கூறியிருந்தார்கள். அடியில் படுத்துப் பார்த்தபோது, பின் போல்ட்டைச் சுற்றி பிராக்கெட்டில் பெயின்ட் தேய்ந்து, வளையம்போல் பளபளத்தது. அதன் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தது. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய், இறுக்கம் போதாமல் பிராக்கெட்டுக்குள் நகர்ந்து நகர்ந்து உராய்ந்ததற்கான தடயம் அது. வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்படி வைத்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு, இறுக்கத்தை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கியதும் ஓசை நின்றது. புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எடை சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுவதுமாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு, எந்நேரமும் அந்த முறுக்கிலேயே நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலும் முறுக்கப்பட்டு, விரைவிலேயே கிழியத் தொடங்கும். அப்புறம் புஷ் மட்டம் என்று பழி வரும்; எந்தத் தயாரிப்பானாலும், ஒரிஜினல் புஷ்ஷேயானாலும், இப்படி இறுக்கினால் நெடுநாள் தாங்காது. நட்டை வேகமாகத் தட்டிச் சுழற்றும் இம்பேக்ட் கன்னால் ஸ்ட்ரட்டின் மேல் நட்டை விரட்டி இறுக்குவதும் இதற்குச் சற்றும் குறையாத கேடு. ஸ்ட்ரட்டின் தண்டும் சேர்ந்து சுழல்வதால் உள்ளிருக்கும் பாகங்கள் கெடலாம், நட் இறுகிவிட்டதுபோல் தோன்றினாலும் உண்மையில் இறுகாமல் இருக்கலாம்.

இதனால் வெளித் தயாரிப்புகள் எல்லாமே குறையற்றவை என்று நான் வாதிட வரவில்லை. நீளத்தில் சற்றே மாறிய லிங்க் ராட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கூம்புத் துளையில் முழுவதுமாகப் பதியாத பால் ஜாயின்ட், தடிமன் குறைந்த மேல் மவுண்ட் ஆகியவை உண்மையிலேயே சந்தையில் உள்ளன. ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம், பொருத்துவதற்கு முன்பு. பழைய பாகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தையும் துளையையும் கூம்பையும் அளந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பழைய பாகத்தை உடனே தூக்கி எறிந்துவிடும் பட்டறையில் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லாமல் போகிறது. ஆகவே வேலை முடிந்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, திருப்தி ஏற்படும் வரை பழைய பாகங்களைத் தம்மிடம் கொடுக்கும்படி உரிமையாளர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

எந்த ஓசையுடன் வண்டியை ஓட்டலாம், எதனுடன் ஓட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லிங்க் ராட் தட்டினால், பழுது பார்க்கும் வரை சில நாட்கள் நிதானமாக ஓட்டலாம். பால் ஜாயின்டிலோ, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட் எண்டிலோ ஆட்டம் தெரிந்துவிட்டால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அவை கழன்றால் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருக்காது. அதேபோல், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் ஆர்வமுள்ளவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாமல், உறுதியான ஸ்டாண்டுகளை வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரட்டின் மேலுள்ள நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஒருபோதும் தளர்த்தக் கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து.

புதிய கார்களின் அறிமுகத்துக்கும் அவற்றின் வசதிகளுக்கும் தங்கள் நாளிதழ் இடம் அளிப்பதைப்போல, சஸ்பென்ஷன் பாகங்களைப் பொருத்தும் முறை, சரியான டார்க் அளவைக் கடைப்பிடிப்பது, சோதனை ஓட்டத்தில் உரிமையாளரையும் உடன் அழைத்துச் செல்வது ஆகியவை பற்றியும் தேர்ந்த தொழில்நுட்பாளர்களைக் கொண்டு கட்டுரைகள் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் படங்களும் இடம்பெற்றால், எழுத்தில் படித்துப் பழகாத இளம் மெக்கானிக்குகளுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்