மைதானத்து வடிகானைச் சீர்செய்து தரக் கோரும் மூன்றாவது மனு

மைதானப் பராமரிப்புக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்களுக்கு,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

மட்டக்குளிப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் நானும் அவர்களின் பெற்றோரும் பணிவுடன் எழுதிக்கொள்வது. பெப்ரவரியில் நேரில் ஒரு மனு கொடுத்தோம். மே மாதம் பதிவுத் தபாலில் இன்னொன்று அனுப்பினோம். கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை.

1. இடம் தங்களுக்குத் தெரியும். பஸ் திரும்பும் சந்தியிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் வரும் மைதானம். பழைய மதிலோரத்து வடிகான் அடைத்து, இடது பக்கம் கால்வாசி நிலம் தண்ணீரில் கிடக்கிறது.

2. லெஃப்ட் பெக், அதாவது பின்வரிசையில் இடது பக்கத்தைக் காக்கும் இடத்தில், ஆடும் பிள்ளைகள் பழகவேண்டியது அந்தப் பக்கத்தில்தான். நான் அவர்களுக்குக் காட்டுவது இத்தாலியின் பாவ்லோ மல்தினியை. இயல்பில் வலது காலால் ஆடுபவர், இடது காலையும் பழக்கி இடது பக்கத்தைக் காத்தார். 1985 ஜனவரியில், பதினாறு வயதில், ஏசி மிலானுக்கு இறங்கியவர், 2009 வரை வேறு கழகத்துக்குப் போகவில்லை. 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கிண்ணங்கள்; கடைசிக் கிண்ணத்தை 2007 இல் 38 வயதில் அணித்தலைவராகத் தூக்கினார். பந்தோடு வருபவன் எந்தப் பக்கம் போவான் என்று முன்பே கணித்து அங்கே போய் நிற்பார். சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க அவருக்கு நன்றாகவே தெரியும், ஆனால் அது கடைசி வழி. காலூன்றி நிற்பதைத்தான் நான் முதலில் பழக்குகிறேன். ஐயா, காலூன்ற நிலம் வேண்டுமே!

3. போன மாதம் எங்கள் லெஃப்ட் பெக், பதினாறு வயதுப் பிள்ளை, நான் சொன்னபடியே நின்றான். சறுக்கவில்லை. பந்து போன பக்கம் திரும்பினான். ஊன்றிய கால் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் போய்விட்டது. இடியப்பம் அவித்து விற்கும் தாய் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஓட்டோவில் வழியெல்லாம் அவன் கேட்டது, "சேர், அடுத்த மெட்ச்சுக்கு ஏலுமா?" என்றுதான். நான் பதில் சொல்லவில்லை. மல்தினி முதன்முதலாக இறங்கிய அதே வயதில் இவன் கட்டுப்போட்ட காலோடு ஜன்னலோரம் இருக்கிறான். மல்தினியின் மூன்றாம் இலக்கத்தை மிலான் அவருடைய பிள்ளைகள் வந்தால் மட்டும் என்று ஒதுக்கிவைத்தது. எங்கள் பிள்ளையின் மூன்றாம் இலக்கச் சட்டை, சேறுகூடக் கழுவாமல், என் பையில் கிடக்கிறது. வேறொருவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

4. தொலைபேசியில் கேட்டால் வேறு பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்புகிறார்கள். சரி ஐயா, நாங்கள் யாரிடம்தான் போவது? இன்னொரு பிள்ளையின் கால் போனால்தான் ஒருவர் வந்து பார்ப்பாரா?

5. மல்தினி இத்தாலிக்கு 126 ஆட்டம் ஆடினார். நான்கு உலகக் கிண்ணத் தொடர்களில் ஆடியும் கிண்ணம் கிடைக்கவில்லை. 1994 இறுதியாட்டம் பிரேசிலிடம் பெனால்டியில் போனது. தோற்று அழும் பிள்ளைகளை அதைச் சொல்லித் தேற்றிவிடுவேன். வடிகான் அடைத்து ஆட்டமே போன பிள்ளைக்கு எதைச் சொல்லித் தேற்றுவது?

புல்தரை வேண்டாம், மின்விளக்கு வேண்டாம். வடிகானைத் தோண்டிச் சேற்றை அள்ளி, உடைந்த மூடிகளை மாற்றி, இடது பக்கத்துக்கு மண் போட்டுத் தாருங்கள். ஒக்டோபர் மழைக்கு முன்பு செய்து தாருங்கள் ஐயா, அவ்வளவுதான் கேட்கிறோம். வரும் நாளைச் சொன்னால் மண்வெட்டியோடு நாங்களும் நிற்போம். தயவுசெய்து இந்தத் தடவையாவது ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பயிற்றுநரும் பெற்றோரும்,
மட்டக்குளி, கொழும்பு 15.

இணைப்பு: முன்னைய இரண்டு மனுக்களின் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு.