மோர் எங்கிருந்தோ வருவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழனி பாதயாத்திரைக் கட்டுரை. நத்தம் சாலையில் ‘எங்கிருந்தோ முளைத்த கைகள்’ மோரும் சோறும் நீட்டினவாம், கட்டுரையாளர் நெகிழ்ந்துபோனாராம். நெகிழட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எங்கிருந்தோ முளைக்க அவை என்ன காளான்களா?

நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 8 கிலோ அரிசி, இரண்டரை கிலோ துவரம்பருப்பு. அதிகாலை 3 மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் விடிந்ததும் பரிமாற முடியும். ஆற ஆற இறுகும் என்பதால் தளர்வாகவே இறக்க வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றினால் மதியத்துக்குள் ஊசிப்போகும். புளியோதரையைச் சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வேர்த்து நசநசத்துவிடும். வாங்கியவர் இரண்டு மைல் தள்ளிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திட்டுவார். மோருக்கு, லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர். 200 மில்லி டம்ளரில் 25 பேருக்கு வரும். காலையிலேயே மொத்தமாகக் கரைத்துவைத்தால் உச்சிவெயிலில் புளிப்பு நாக்கைச் சுண்டும். தயிரைக் கெட்டியாக வைத்துக்கொண்டு அண்டா அண்டாவாகக் கரைக்க வேண்டும். இரவுச் சுக்குமல்லிக் காப்பிக்குக் கருப்பட்டியைத் தனியே காய்ச்சி வடிகட்டாவிட்டால் டம்ளர் அடியில் மண்.

தாங்கள் அறியாததல்ல. அறிந்தும், கோடை வந்தால் உங்கள் பக்கங்களில் இடம்பிடிப்பது கட்சிக்காரர்கள் ரிப்பன் வெட்டும் தண்ணீர்ப் பந்தல்தான். மூன்றாம் நாள் அந்தப் பானையில் தண்ணீர் இருந்ததா என்று ஒரு படம் போட்டதுண்டா? தைப்பூசம் முடிந்த மறுவாரம் மட்டும் ‘சாலையெங்கும் குப்பை’ என்று தவறாமல் வந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சரி, எவர்சில்வர் டம்ளர் வைக்கலாம். அத்தனையும் கழுவ ஆளும் தண்ணீரும்? அதை எந்தக் கட்டுரையும் கேட்பதில்லை.

‘சாலையின் இருபுறமும் அன்பு’ என்று இன்னொரு வரி. அந்த எதிர்ப்புற அன்புதான் ஐயா ஆளைக் கொல்வது! பந்தல், நடப்பவர்கள் போகிற பக்கத்திலேயே, தார்ச்சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும். எதிரே போட்டால் கூட்டம் இருட்டில் குறுக்கே ஓடும். ஒளிரும் ஸ்டிக்கரைப் பையின் பின்பக்கம்தான் ஒட்டியிருப்பார்கள். ஆள் பக்கவாட்டில் திரும்பிக் கடக்கும்போது லாரி வெளிச்சம் அதில் படாது. இதையும் அன்பு என்று எழுதிவிட்டுப் போனால் அடுத்த ஆண்டு இன்னும் நாலு பேர் எதிர்ப்பக்கம் பந்தல் போடுவார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தைப்பூச இதழில், நடப்பவர்கள் ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவரச் சொல்லி இரண்டு வரி போடுங்கள். தோள்பையின் காதில் கட்டித் தொங்கவிட்டால் போதும், கனமே தெரியாது. நெகிழ்ச்சிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியவர்களிடம் இரண்டு வரிக்கு இடம் இருக்குமென நம்புகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்