லாஸ்லோ யுர்கெ என்பதே அவர் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்து சென்று விளையாட்டு ஒளிபரப்பில் பெயர் பெற்றவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். ஆஸ்திரேலியாவின் கால்பந்து ஒளிபரப்பாளர் லெஸ் மர்ரிக்கு அதில் ஒரு பத்தி கிடைத்திருந்தது. ஆனால் அந்தப் பத்தியில் அவருடைய இயற்பெயர் 'உர்ஜ்' என்றும், அவர் நெஞ்சில் வைத்துப் போற்றிய ஹங்கேரிய ஆட்டக்காரரின் பெயர் 'புஸ்காஸ்' என்றும் அச்சாகியிருந்தன. வேறொருவரைப் பற்றிய கட்டுரை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். மர்ரியைப் பற்றியது என்பதால் மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலம் பழகிய கண் 'ஸ்' என்று படித்துவிடும் எழுத்தை ஹங்கேரியர் 'ஷ்' என்றே ஒலிப்பார்கள். எனவே அவர் புஷ்காஷ். மர்ரியின் பெயர், தமிழ் எழுத்தில் இயன்ற அளவுக்கு, லாஸ்லோ யுர்கெ. அவர்கள் நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும்: யுர்கெ லாஸ்லோ. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதுகிற நமக்கு இது அந்நியமான முறையல்ல.

1945-இல் பிறந்த அவர், 1956 அக்டோபரில் மூண்ட மக்கள் எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நவம்பரில் நசுக்கிய பிறகு ஹங்கேரியை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 2 லட்சம் பேரில் ஒருவர். 1957-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்து, சிட்னிக்குத் தெற்கே வுலங்காங் பகுதியில் வளர்ந்தார். வெம்ப்ளி மைதானத்தில் 1953-இல் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்திய அணியின் நாட்டிலிருந்து வந்த சிறுவனுக்கு, கால்பந்தை 'வந்தேறிகளின் ஆட்டம்' என்று இகழ்ந்த ஒரு நாடு வாய்த்தது. பின்னர் வணிகத் தொலைக்காட்சியில் வேலை கிடைத்தபோது, நேயர்களின் வாயில் நுழையாது என்பதற்காக அவருடைய பெயரே மாறிப்போனது.

1980-இல் தொடங்கிய, பல மொழிகளில் ஒளிபரப்பும் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சிக்கு அவர் போனது வர்ணனையாளராக அல்ல என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. ஹங்கேரியப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசனங்களை எழுதவே போனார். விரைவில் கால்பந்து அவரிடம் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் ஜானி வாரனும் அவரும் இணைந்து, பிற ஊடகங்கள் பொருட்படுத்தாத அந்த ஆட்டத்தை 1986 தொடங்கி உலகக் கோப்பைதோறும் வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2005 நவம்பரில் உருகுவேயைப் பெனால்டியில் வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில் வாரன் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தன் பெயரை இழந்த அந்த மனிதர் பிறர் பெயர்களை எப்படிச் சொன்னார் என்பதே நான் எழுத வந்த செய்தி. குரோஷியரோ, போர்த்துகீசியரோ, நைஜீரியரோ, அந்தந்த வீரரின் தாய் எப்படி அழைப்பாரோ அப்படி அழைக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நான் சிட்னிக்கு வந்த புதிதில் வேலை பார்த்த தொழிற்சாலையில், என் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். என் வருகை அட்டையிலும் அந்த இரண்டெழுத்துதான் இருந்தது. என் பக்கத்து இயந்திரத்தில் ஒரு ஹங்கேரிய முதியவர் வேலை செய்தார். 1998 உலகக் கோப்பையின்போது ஒருநாள் காலை, இரவெல்லாம் விழித்த கண்களோடு வந்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, "நம்ம லாட்சி சொன்னதைக் கேட்டாயா?" என்று என்னிடம் கேட்டார். லாட்சி என்பது லாஸ்லோவைச் செல்லமாக அழைக்கும் பெயர். மர்ரி என்ற பெயரை அந்த முதியவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. படகில் வரும் அகதிகளைப் பற்றிய வாக்குவாதம் ஆஸ்திரேலியாவில் கொதித்துக்கொண்டிருந்த 2011-இல், தன் குடும்பத்தை எல்லை கடத்திவிட்ட ஆளைத் தேடி மர்ரி ஹங்கேரிக்குப் போனார். அரசியல்வாதிகள் அத்தகையவர்களை வாய்கூசாமல் பழித்த அந்த நேரத்தில், தன் உயிர் அப்படி ஒருவரால் பிழைத்தது என்பதை மறைக்காமல் சொல்வதற்குத் துணிவு வேண்டும். 2017 ஜூலையில் அவர் காலமானபோது, சிட்னியின் செயின்ட் மேரி தேவாலயத்தில் அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள்.

அடுத்த இதழில் அந்த இரு பெயர்களையும் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். வெம்ப்ளியில் ஆடியவர்களைப் பற்றி எழுத நேர்ந்தால் உதவும் என்று மற்ற சிலருடைய பெயர்களையும் ஒலிப்புக்கு நெருக்கமாகத் தருகிறேன்: ஷாண்டோர் கோச்சிஷ், நாண்டோர் ஹிதெக்குத்தி, ஜூலா க்ரோஷிச்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிட்னி