நான்காம் குழிக்கு இடப்பக்கம் ஒரு வழி விடுங்கள்

மதிப்பிற்குரிய கிளப் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நம் கோல்ஃப் மைதானத்தின் நான்காம் குழியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருடம் அதன் முன்னால் குளம் வெட்டியதும், போன வாரம் நோட்டீஸ் போர்டில் இரண்டாம் கட்ட வரைபடத்தை ஒட்டியதும் நீங்கள்தான் என்பதால் முன்கதை தேவையில்லை. வரைபடத்தில், கொடி நிற்கும் புல்தரையான கிரீனைச் சுற்றி நாலு பக்கமும் நீல மை. கீழே ‘நம் கிளப்பின் அடையாளக் குழி’ என்று தடித்த எழுத்து. என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த நீலத்தில் இடப்பக்கம் 10 மீட்டர் அகலத்துக்குப் பச்சையை விட்டுவையுங்கள். பந்து தரையில் உருண்டு போக ஒரு வழி. அவ்வளவுதான்.

சென்ற சனிக்கிழமை மாதப் பதக்க ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மண்டோர் மாமாவை உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் மேற்பார்வையாளராகப் பெரட்டில் தொழிலாளர் பேர் கூப்பிட்டவர். இப்போது 74 வயது. அவர் பந்து பறக்காது, ஓடும். நல்ல நாளில் 70 மீட்டர் பறந்து, அப்புறம் 30 மீட்டர் ஓடும். உங்கள் குளமோ கரைக்குக் கரை 85 மீட்டர். முதல் பந்து நடுக்குளத்தில் விழுந்தது. மஞ்சள் குச்சி நட்டிருக்கிறீர்கள், ஆக விதிப்படி பக்கவாட்டில் ஒதுங்க முடியாது. இந்தக் கரையிலேயே பந்தைப் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். போட்டார், அடித்தார். அதுவும் தண்ணீர். மூன்றாவதும் தண்ணீர், நான்காவதும் தண்ணீர். எல்லாம் கூடையில் 2 மலேசிய வெள்ளிக்கு விற்கும் பழைய பந்துகள். ஐந்தாவது பந்தை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி நின்றார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்து போய் எங்களுக்காகக் கொடியைப் பிடித்தார். குழியை முடிக்காதவரின் அட்டை செல்லாது என்பது அவருக்குத் தெரியாததா? மீதிக் குழிகளையும் ஆடினார், ஒரு வார்த்தை பேசாமல். 30 வருடமாக ஒரு மாத ஆட்டத்தையும் விடாத மனிதர் அவர்.

இதைச் சொன்னதற்குத்தான் குழு உறுப்பினர் ஒருவர் கேன்டீனில் சிரித்தார். “நவீன காலத்துக் குழிகளில் அமெரிக்காவின் சாகிராஸ் மைதானத்து 17-ஆவது குழியை மிஞ்ச ஒன்றுமில்லை. அங்கேயும் பந்து தண்ணீரில்தான் போகிறது” என்றார். தே தாரிக் தேநீர் ஆறிப்போகும்வரை வாதாடினோம். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே சொல்கிறேன்.

ஃபுளோரிடாவின் சாகிராஸ் மைதானம் பீட் டை வடிவமைத்து 1980-இல் திறந்தது. 17-ஆவது குழிக்கு அவர் முதலில் நினைத்தது ஒரு ஓரத்தில் சின்னக் குளம்தான். அந்த இடத்தில் நல்ல மணல் கிடைக்கவே, மற்ற ஃபேர்வே புல்தடங்களுக்கு அள்ளி அள்ளிப் பெரும் பள்ளமாகிவிட்டது. அப்புறம் அவர் மனைவி ஆலிஸ் டைதான், பேசாமல் கிரீனைத் தீவாக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். அங்கே பள்ளம் விழுந்ததால் தண்ணீர் விட்டார்கள். நாம் தண்ணீர் விடுவதற்காகப் பள்ளம் தோண்டுகிறோம்.

அதுவும் போகட்டும். அது 137 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. எல்லோரும் பந்தை டீ என்ற சின்ன முளையில் ஏற்றி வைத்து, அளந்த தூரத்துக்கு ஒரே அடி அடிக்கிறார்கள். முடியாதவர்களுக்கு, முதல் அடியை அடிக்க முன்னால் தள்ளி வேறு டீ மேடைகள் உண்டு. தண்ணீரில் விட்டவர்கள் வேறு பந்தைப் போட்டு ஆடத் தனி டிராப் இடமும் உண்டு. நம் நான்காவது 262 மீட்டர், பார் 4. மழை ஊறிய புல்லிலிருந்து இரண்டாவது அடியோ மூன்றாவது அடியோ அடித்துக் குளத்தைத் தாண்ட வேண்டும். இன்னொன்று. அந்த ஆலிஸ் டை, தூரம் அடிக்க முடியாத பெண்களுக்கு முன்னால் டீ மேடை வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடியவர். அவரிடமிருந்து தீவை மட்டும் காப்பியடித்துவிட்டு இதை விட்டுவிட்டோம்.

தண்ணீரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் டிபிசி ஸ்காட்ஸ்டேல் மைதானத்தின் 17-ஆவது குழியைப் பாருங்கள். டாம் வைஸ்கோப்பும் ஜே மோரிஷும் போட்டது, 332 கஜம், பார் 4. பலசாலி ஒரே அடியில் கிரீனைத் தொடப் பார்க்கலாம். தண்ணீர் இடப்பக்கமும் பின்பக்கமும் காத்திருக்கிறது. பயந்தவன் வலப்பக்கமாக மெல்லப் போகலாம், ஒரு துளி தண்ணீரையும் தாண்டாமல். நவீனக் குழிகளில் எது உசத்தி என்று என்னைக் கேட்டால் நான் இதைச் சொல்வேன். இல்லையென்றால் தாஸ்மேனியாவில் பார்ன்பூகல் டியூன்ஸ் மைதானத்தின் நான்காவது. அதுவும் 300 மீட்டருக்குக் குறைவான பார் 4. ஆளை விழுங்கும் மணல் பள்ளம் ஒன்று இருக்கிறது. துணிந்தவன் அதைத் தாண்டி அடிக்கிறான், துணியாதவன் ஒதுங்கிப் போகிறான். இரண்டு பேருக்கும் அது குழிதான். உங்கள் வரைபடத்தில் துணிவதற்கும் ஒன்றுமில்லை, ஒதுங்குவதற்கும் இடமில்லை. தாண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ.

நம் பழைய நான்காவது எப்படி இருந்தது என்று புது உறுப்பினர்களுக்குத் தெரியாது. ரப்பர் காலத்தில் வெட்டிய கான் (வடிகால்) கிரீனுக்கு முன்னால் சாய்வாகக் குறுக்கே ஓடும். வலப்பக்கம் அகலம். இடப்பக்கம் வரும்போது அது குழாய்க்குள் போய்விடும், மேலே புல்தரை. அந்தத் தரை முடிகிற இடத்தில் புற்று மேடு. மஞ்சள் குங்குமம் வைத்த புற்று என்பதால் தோட்டத்துத் துரை அதைத் தொடாமல் கிரீனைத் தள்ளிப் போட்டார் என்று என் அப்பா சொல்வார். மேட்டின் தோளில் பந்தை ஏற்றிவிட்டால் அது ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, வலப்பக்கம் திரும்பி கிரீனுக்குள் இறங்கும். மண்டோர் மாமா அதில் கெட்டிக்காரர். இளவட்டங்கள் நேரே அடித்துக் கானுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் பந்தைக் குழிக்குள் உருட்டி முடித்திருப்பார். ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கில் 15-ஆவது குழிக்கு ரெடான் என்று பேர். அங்கேயும் மேட்டில் பந்தை இறக்கி உருளவிடும் வித்தைதான். நூறு வருடத்துக்கு மேலாக உலகமே அதை நகல் எடுக்கிறது. நமக்குக் கறையான் சும்மா கட்டிக் கொடுத்தது. நல்ல வேளை, மேடு இன்னும் இருக்கிறது. தோண்ட வந்த டிரைவர் தம்பி, “சாமி இருக்கிற இடம், நான் கை வைக்க மாட்டேன்” என்று இறங்கிவிட்டார். இரண்டாம் கட்டத்துக்கு வேறு டிரைவரைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கெல்லாம் எங்கிருந்து பணம் வருகிறது என்று கேட்கமாட்டேன். சந்தாவை ஏற்றிய கடிதம் வீட்டில் இருக்கிறது. கேடிகளை நிறுத்திவிட்டு, ஆளையும் பையையும் ஏற்றிப் போகும் பக்கி வண்டி வாங்கினீர்கள், சரி. குளத்தில் பந்து எடுக்க வந்த லயத்துப் பிள்ளைகளைக் காவலாளி விட்டு விரட்டினீர்கள். உலகத்தரம் என்றால் இதுதான் போலும் என்று நினைத்தேன். கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் மேல் உலாத்துகிறார்கள். பாவம், அவர்களுக்கு உலகத்தரம் தெரியவில்லை. அடையாளம் வேண்டும் என்று அலங்காரத்தைக் கூட்டுகிறீர்கள். நம் மலேசியாவிலேயே, லங்காவி தெலுக் டத்தாயில் கோல்ஃப் வீரர் ஏர்னி எல்ஸ் போட்ட மைதானத்தில் ஒரு மணல் பள்ளம்கூட இல்லை. அதுவே அதற்கு அடையாளமாகிவிட்டது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இரண்டாம் கட்ட வேலையை உறுப்பினர் கூட்டம் வரை தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். குழாய் இருந்த பக்கத்தில், புற்று மேடு வரை, 10 மீட்டர் தரைவழி விடுங்கள். குளம் அழகுதான், இருந்துவிட்டுப் போகட்டும். தரைவழி வரும்வரை அக்கரையில் ஒரு டிராப் இடமாவது குறித்துக் கொடுங்கள். அதற்கு வேண்டியது ஒரு டின் வெள்ளைச் சாயம்.

அடுத்த மாத ஆட்டத்துக்கு மண்டோர் மாமா பேர் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருக்கிறேன், கட்டணமும் கட்டிவிட்டேன். காலை 7.30-க்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். நான்காம் குழி என்ன ஆயிற்று என்று கேட்பார். அதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
11 வயதில் கேடியாக உள்ளே வந்து (பயப்பட வேண்டாம், பை தூக்கும் கேடி), இன்று 19 ஹேண்டிகேப்போடு சந்தா கட்டும் உறுப்பினன்